பெயிண்ட்டைத் துடைக்கிற கை

வாடா தம்பி, செத்த நேரம் இப்படிக் குந்து. காசு குடுத்து அடி வாங்கிட்டு வந்திருக்கியாமே, நெசமா? மெட்ராசுல ஈசிஆர் ரோட்டுப் பக்கம் ஆபீசு ஆளுங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சீங்களாம். மூஞ்சிக்கு முகமூடி, மேலுக்கு மிலிட்டரி சட்டை, கையில பெயிண்ட்டுத் துப்பாக்கி. தொடையில ரத்தங் கட்டி நீலம் பாரிச்சிக் கெடக்கு. உங்கம்மா எண்ணெய் காய்ச்சித் தடவுறா. நீ அத போட்டோ புடிச்சி ஊருக்கெல்லாம் அனுப்புற. இதே காயத்த உங்கப்பன் மல்லாட்டைக் கொல்லையில வாங்கியிருந்தா ஒருத்தன் லைக்கு போட்டிருப்பானா?

கோவிச்சுக்காத. வெளையாட்ட நான் கொற சொல்லல. ஆம்பளப் பசங்களும் பொம்பளப் புள்ளைங்களும் வேர்வை சிந்தி ஓடுறது நல்லதுதான். ஏசி ரூம்புல குந்தி முதுகு வளைஞ்சி போறதுக்கு இது தேவல. எனக்குச் சிரிப்பு வர்றது எதுக்குன்னா, சுடுறதுக்கு முந்தி ஒருத்தரு நின்னு படம் காட்டிப் பேசினாராமே, அதுக்கு. ‘கன்ட்ரோல்டு அக்ரெஷன்’னாராம். வேகம் இருக்கணும், ஆனா கட்டுக்குள்ள இருக்கணும். அம்புட்டுத்தானே? இதுக்கு ஒரு கோட்டு, ஒரு மைக்கு, தலைக்கு இவ்வளவுன்னு பீசு! மூக்கணாங்கயிறு போட்ட எங்க செவலைக் காளைக்குத் தெரிஞ்ச சங்கதி. அது யார்கிட்டயும் பீசு வாங்கல.

மாட்டுப் பேச்சு வந்ததால சொல்றேன். நீ தூக்கிக்கிட்டு ஓடினியே துப்பாக்கி, அதோட பூர்வீகம் தெரியுமா? அமெரிக்காவுல நெல்சன்னு ஒரு பெயிண்ட் கம்பெனி. காட்டுல வெட்டப்போற மரத்துக்கும் மந்தையில நிக்கிற மாட்டுக்கும் தூரத்துலேருந்தே அடையாளம் வெக்கிறதுக்கு ஒரு துப்பாக்கி வித்தாங்க. ‘நெல்ஸ்பாட் 007’னு பேரு. ஜேம்ஸ் பாண்டு கணக்கா நம்பரு, பண்றது மாட்டுக்குப் பொட்டு வெக்கிற வேலை. நாம பொங்கலுக்குக் கொம்பப் புடிச்சி வர்ணம் பூசுறோம். அவங்க எட்டி நின்னு சுட்டுப் பூசுறாங்க. மாட்டுக்கிட்டப் போவ பயம் போல.

1981 ஜூன் 27. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல ஹென்னிக்கர்னு ஒரு ஊரு. பன்னெண்டு பேரு அந்தத் துப்பாக்கியோட காட்டுல எறங்கினாங்க. ஏற்பாடு பண்ணவங்க மூணு பேரு. கதை எழுதுற சார்லஸ் கெயின்ஸ், பங்கு யாவாரம் பண்ற ஹேஸ் நோயல், கடை வெச்சிருந்த பாப் கர்ன்சி. அவங்களுக்குள்ள ரொம்ப நாளா ஒரு வாக்குவாதம். ஆபத்துன்னு வந்தா பொழைச்சிக்கிறவன் பட்டணத்தானா, காட்டானான்னு. பேசிப் பேசித் தீரல, ஆடியே பாத்துருவோம்னாங்க. அங்கங்க கொடி இருக்கும், எல்லாக் கொடியையும் மொதல்ல எடுத்தாறவன் ஜெயிச்சான்.

ஜெயிச்சது யாரு தெரியுமா? ரிச்சி ஒயிட்டுன்னு ஒருத்தரு. மரக்காட்டுல வேலை செய்யறவரு. எத்தினி குண்டு சுட்டாருன்னு நெனைக்கிற? ஒண்ணுகூட இல்லடா! யார் கண்ணுலயும் படாம பூனை மாதிரிப் போயி அத்தினி கொடியையும் எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. மத்தவங்க ஒருத்தர ஒருத்தரு சுட்டுக்கிட்டுக் கெடந்தாங்க. அந்த வெளையாட்டோட மொத ஆட்டத்துலயே மொத ஜெயிப்பு, சுடாத ஆளுக்கு. உங்க கோட்டுக்காரரு படத்துல இத ஏன் காட்டல? காட்டினா அவரு பொழப்பு என்னாவறது?

சரி, இப்ப வெவகாரத்துக்கு வர்றேன். பெயிண்ட்டு உருண்டை ஒடைஞ்சி மேல தெறிச்சா நீ அவுட்டு. கைய தூக்கிட்டு வெளிய போவணும். குண்டோட வேகம் செகண்டுக்கு 300 அடியத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு. அதையும் மெஷின் வெச்சி அளக்குறாங்க. எதிராளி பதுங்கியிருக்கிற எடத்துக்கு நேரா நெஞ்ச நிமித்திப் பாயலாம், தொண்டை கிழியக் கத்தலாம், குண்டு மழை பொழிஞ்சி அவனத் தலை தூக்க வுடாம பண்ணலாம். எல்லாம் நாயம்தான். அதுக்குத்தானே காசு கட்டின?

ஆனா பெரிய பெரிய போட்டியிலகூட ஒரு வேலை நடக்குதாம். குண்டு பட்டதும் மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கி, பெயிண்ட்ட வழிச்சி வுட்டுட்டு, ஒண்ணுமே படாத மாதிரி திரும்ப வந்து சுடறது. நடுவரு கண்டுபுடிச்சா அவனோட சேத்து அவன் கூட்டாளியையும் வெளிய தள்ளுவாங்க. இன்னொரு வேலை: எதிராளி ‘அவுட்டு’ன்னு கைய தூக்கிட்டு நடக்கும்போது, கேக்காத மாதிரி அவன் முதுகுல இன்னும் நாலு. மூணாவது, வேகத்த அளக்கும்போது கொறைச்சி ஒரு திருகு, களத்துல எறங்கினதும் ஏத்தி ஒரு திருகு.

நல்லா யோசி. உடம்புல பெயிண்ட்டு அப்பியிருக்கு. மஞ்சளா, பச்சையா, ஊரே பாக்குது. அதையே தொடைச்சிட்டு ‘படல’ங்கிறான். அப்போ பெயிண்ட்டே இல்லாத வெளையாட்டுல மனுசன் என்னா பண்ணுவான்?

அதான் நம்ம சடுகுடு. நீங்க கபடிம்பீங்க. தொட்ட எடத்துல என்னா ஒட்டும்? கொஞ்சம் புழுதி. இப்ப மேட்டு போட்டுட்டாங்க, அதுவும் இல்ல. பாடிப் போறவன் வெரல் நுனி உன் முட்டியில பட்டுச்சா படலயான்னு அவனுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். நடுவருக்குப் பாதி நேரம் தெரியாது. அந்த எடத்துலதான் ஆளோட லட்சணம் வெளிய வரும்.

எங்க பக்கம் பொங்கல் முடிஞ்சி வர்ற கரிநாள் அன்னிக்கு ஆட்டம் உண்டு. கோமுகி அணைத் தண்ணி பாயிற கரும்புக் கொல்லைங்க நடுவுல எங்கயாச்சும் ஒரு பொட்டல் கெடக்கும். மலையிலேருந்து எறங்கி வர்ற பசங்க ஒரு பக்கம், கச்சிராயபாளையம் சக்கரை ஆலைப் பக்கத்துப் பசங்க ஒரு பக்கம். கீழ இருக்கிறவனுக்குத் தொடை பெருத்திருக்கும், மலையேறிப் பழகினவனுக்கு மூச்சு நெறைய இருக்கும். பாட்டுப் புடிச்சா வுடவே மாட்டான். பட்டணத்தானா காட்டானான்னு அமெரிக்காக்காரன் 1981-ல கண்டுபுடிச்சத நாங்க வருசா வருசம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்.

தகராறு வராமயா? ‘தொட்டான்’, ‘தொடல’ன்னு ஆட்டம் நிக்கும். அப்ப ஒரு கெழவி கூட்டத்துலேருந்து எழுந்து வரும். ‘மாரியாத்தா மேல அடிச்சிச் சொல்லு, படலையா?’ன்னு கேக்கும். அம்புட்டுத்தான். அதுவரைக்கும் காட்டுக் கத்து கத்தினவன் தலைய சொறிஞ்சிக்கிட்டு கோட்டுக்கு அந்தாண்ட போயிருவான். சத்தியத்துக்குப் பயந்தானா, கெழவி வாயிக்குப் பயந்தானா? ரெண்டாவதுன்னுதான் நான் நெனைக்கிறேன். இப்ப அந்தக் கெழவி வேலைய டிவி ரிவ்யூ பாக்குது. அதுக்கு ஏச்சுப் பேச்சு தெரியாது, அதனால எவனும் வெக்கப்படறதில்ல.

ஆனா ஒண்ணு சொல்லணும், இப்பவும் நல்ல பசங்க இருக்கிறாங்க. டிவியில பாரு. வெரல் பட்டதும் நடுவரு ஊதறதுக்கு முந்தியே தானே கைய தூக்கிட்டு வெளிய போறவன் இருக்கிறான். அவன் வேகத்துல என்னா கொறைஞ்சி போச்சி? அடுத்த புடியில அவனே எதிராளிய இடுப்போட தூக்கிச் சாத்துவான். அப்புறம் அவனே கை குடுத்துத் தூக்கியும் வுடுவான்.

சடுகுடு சட்டத்த ஒருதரம் படிச்சிப் பாரு, தமாஷா இருக்கும். நகத்த ஒட்ட வெட்டியிருக்கணும். மோதிரம் சங்கிலி கூடாது. உடம்புல எண்ணெய் பூசக் கூடாது. பாடி வர்றவன் வாயப் பொத்தக் கூடாது, கழுத்த நெரிக்கக் கூடாது, கால ரெண்டையும் கத்திரி போட்டு நசுக்கக் கூடாது. ஏன்டா இம்புட்டு வெவரமா எழுதி வெச்சாங்க? ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் அந்த வேலைய செஞ்ச ஒரு பய இருக்கிறான். எண்ணெய் பூசி வழுக்கிக்கிட்டுப் போனவன் ஒருத்தன், நகத்தால கீறினவன் ஒருத்தன். அவனுங்க பேரு மறைஞ்சி போச்சி, அவனுங்க புண்ணியத்துல சட்டம் மட்டும் நின்னுடுச்சி.

அதே சட்டம் என்னா வுடுது பாரு. ஏழு பேரு சேந்து ஒருத்தன் மேல வுழுந்து அமுக்கலாம். கால வாரலாம், தூக்கிக் கவுக்கலாம். 13 மீட்டருக்கு 10 மீட்டரு களம், முப்பது செகண்டு பாட்டு, அதுக்குள்ள இத்தினியும் நடக்கலாம். ஒருத்தரும் ‘மெதுவாப் புடிங்கப்பா’ங்கறதில்ல. மெதுவாப் புடிச்சா அது சடுகுடு இல்ல, சம்பந்தி மரியாதை. வன்மமே இல்லாம ஆடினாலும் இது ஆபத்தான வெளையாட்டு. 2022-ல இங்க பக்கத்துல பண்ருட்டிப் பக்கம் ஒரு பையன் ஆடிக்கிட்டிருக்கும்போதே களத்துல வுழுந்து உயிர வுட்டான். சும்மாவே இம்புட்டுன்னா, வேணும்னு ஒருத்தன் முட்டியத் தூக்கினா என்னா ஆவும்?

பெரிய எடத்துக் கதையும் ஒண்ணு இருக்கு. 2023 அக்டோபர் 7, சீனாவுல ஹாங்சோ. ஆசியப் போட்டி, ஆம்பளைங்க கபடி பைனலு, நமக்கும் ஈரானுக்கும். 28-க்கு 28. ஆட்டம் முடிய ரெண்டு நிமிசம்கூட இல்ல. நம்ம கேப்டன் பவன் செராவத் பாடிப் போறாரு. யாரையும் தொடாம ஓரத்து லாபியில கால வெச்சிட்டாரு. வெச்சா அவரு அவுட்டு. ஆனா அவர அமுக்கணும்னு ஈரான்காரங்களும் பின்னாடியே லாபிக்குள்ள வுழுந்துட்டாங்க. பழைய சட்டப்படி அவங்களும் அவுட்டு. புதுசா வந்த சட்டப்படி பாடிப் போனவன் மட்டும் அவுட்டு. எந்தச் சட்டத்துல ஆடுறோம்? தங்கத்துக்கு ஆடும்போதுதான் இந்தச் சந்தேகம் வருது! நடுவருங்க ஒண்ணு சொன்னாங்க, மாத்தினாங்க, திரும்ப மாத்தினாங்க. ஆட்டக்காரங்க களத்துலயே குந்திட்டாங்க. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆட்டம் நின்னு போச்சி. கடைசில நமக்கு 33, அவங்களுக்கு 29.

தங்கம் வந்தது சந்தோசம்தான், இல்லேங்கல. எனக்கு நெனைப்புல நிக்கிறது அந்தக் குந்தல்தான். அந்த எடத்துல கைகலப்பு ஆவாம ரெண்டு கட்சியும் குந்துச்சே, அதுதான்டா உங்க கோட்டுக்காரரு மூச்சு முட்டச் சொன்ன கட்டுப்பாடு. கொதிக்கிறவன் பொத்துன்னு தரையில குந்திட்டா பாதி சண்டை தணிஞ்சிரும். பஞ்சாயத்துல எல்லாரையும் மொதல்ல குந்த வெக்கிறாங்களே, சும்மாவா?

குந்தாத எடத்துக் கதையும் கேளு. 2025 ஜனவரியில பஞ்சாப்பு பட்டிண்டாவுக்கு நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுங்க பல்கலைக்கழகக் கபடி ஆடப் போனாங்க. ஃபவுலான்னு ஒரு பேச்சுலதான் ஆரம்பிச்சிது. அப்புறம் அடிதடி, நாற்காலி பறக்குது. எம்புட்டு தூரம் ரயிலேறிப் போன புள்ளைங்க! கட்டுக்குள்ள இருக்கணும்னு அங்கயும் யாராச்சும் மைக்கு புடிச்சிப் பேசியிருப்பாங்க.

நீ கேப்ப, ‘தொடைய தட்டறது, மீசைய முறுக்கறது, எதிராளிய சீண்டறது தப்பா தாத்தா’ன்னு. தொடைய தட்டுடா! தட்டாம சடுகுடுவா? ‘வாடா, வந்து புடிச்சிப் பாரு’ன்னு சொல்லு. அவன் ஆட்டத்தப் பத்தி என்னா வேணா சொல்லு. அவன் ஆத்தாள இழுக்காத, அவன் தெருவ இழுக்காத. களத்துக்கு வெளிய இருக்கிறத களத்துக்குள்ள கொண்டாந்தா அது வெளையாட்டு இல்ல, பழைய பகைக்குப் புது பனியன். சட்டையில சாதி அடையாளம் போட்டுக்கிட்டு ஆடக் கூடாதுன்னு ஹைகோர்ட்டே நெபந்தன போட வேண்டியதாப் போச்சி. நகம் வெட்டுன்னு சட்டம் எழுதின மாதிரிதான் இதுவும். யாரோ செஞ்சிருக்கிறான், அதனால எழுதியிருக்கு.

தோத்தவன் பேச்சும் கேட்டிருக்கேன். மேட்டு வழுக்குச்சி, நடுவரு அவங்க ஊரு, துப்பாக்கியில காத்து எறங்கிடுச்சி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அதாவது பரவாயில்ல, வாயோட போவுது. ஜெயிக்கறதுக்கு மறைவுல போயி தொடைக்கிறான் பாரு, அவன்தான் மோசம். அவனுக்கு வேகமும் கெடையாது ஒண்ணும் கெடையாது. வேகம் இருக்கிறவன் என்னாத்துக்குடா தொடைக்கிறான்? அடுத்த ஆட்டத்துல ஜெயிச்சிட்டுப் போறான்.

நெஞ்சத் தொட்டுச் சொல்லு, நீ தொடைச்சியா? ...சிரிக்கிற. சரி வுடு, நான் கேக்கல. ஒங்க பாட்டி வந்து கேக்கறதுக்குள்ள கூழக் குடிச்சிட்டுக் கெளம்பு.

போறப்ப ஒரு சேதி எடுத்துக்கிட்டுப் போ. தை அஞ்சாம் நாளு மணலூர்ப்பேட்டையில ஆத்துத் திருவிழா. அதுக்கு முந்தி, கரிநாள் அன்னிக்கு இங்க ஆட்டம் இருக்கு. உங்க கோட்டுக்காரர நான் வரச்சொன்னேன்னு சொல்லு. பீசு கெடையாது, சோறு உண்டு. மலைப் பசங்க மூச்சப் புடிச்சிக்கிட்டுப் பாடி வருவாங்க, அவரு முன்னால நின்னு கட்டுப்பாட்டோட புடிக்கட்டும். கோட்டக் கழட்டி வெச்சிட்டு, நகத்த வெட்டிட்டு வரச்சொல்லு.