கடிந்து பேசாத ஃபயர்வால்

எங்கள் அலுவலக ஃபயர்வாலைப் போன்ற பெருந்தன்மையாளரைக் காண்பது அரிது. ரூட்டருக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவே அமர்ந்த நாள்முதல் யாரையும் கடிந்ததில்லை, யாருக்கும் கதவடைத்ததில்லை. வேறிடங்களில் இதே உத்தியோகம் பார்ப்பவை, வெளியிலிருந்து வருவதை எல்லாம் முதலில் மறுத்துவிட்டு, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாக அனுமதிக்குமாம். என்ன கஞ்சத்தனம்! நம்மவரிடம் இருப்பது ஒரே விதி: எங்கிருந்தும் எங்கும் எதுவும் போகலாம். கணக்கு சாஃப்ட்வேர் ஓடாத ஒரு நாளில், சும்மா சோதித்துப் பார்க்க எழுதியது. சோதனை இன்னும் நடக்கிறது.

விருந்தோம்பலிலும் குறையில்லை. கணக்கர் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்து வைத்தார்கள். ரூட்டரில் ஒரு முறை, ஃபயர்வாலில் ஒரு முறை என இரண்டு இடத்தில் செய்ய வேண்டிய வேலை, சளைக்கவில்லை. உலகெங்கும் இராப்பகலாகக் கடவுச்சொல்லை ஊகித்துக் களைக்கும் மென்பொருள்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டாமா? விபிஎன் வைக்கலாமே என்ற பயிற்சிப் பையனை, அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு என்று அன்போடு அனுப்பிவைத்தோம்.

ஆனால் உண்மையான கலைநயம் அந்த நீல கேபிளில் இருக்கிறது. ஃபயர்வால் பெட்டி வந்த அன்றே இன்டர்நெட் மெதுவாகிவிட்டதாக முதலாளி அறையில் முணுமுணுப்பு. விவரம் தெரிந்த ஒருவர் ரூட்டரின் இன்னொரு போர்ட்டிலிருந்து நேரே உள் ஸ்விட்சுக்கு ஒரு கேபிளை இழுத்துச் செருகினார். முடிந்தது பிரச்சினை! இப்போது ஐபி முகவரி வழங்க ரூட்டர், ஃபயர்வால் என்று இரண்டு வள்ளல்கள் போட்டி போடுகிறார்கள். முந்திக்கொண்டவர் கொடுத்ததே முகவரி. காலையில் காவலைத் தாண்டிப் போகும் கம்ப்யூட்டர், மாலையில் காவலைச் சுற்றிக்கொண்டு போகும். பிரிண்டர் சிலருக்குத் தரிசனம் தரும், சிலருக்குத் தராது. ரூட்டரின் வைஃபையையும் அணைக்கவில்லை. வரவேற்பறையில் டீ குடிக்கும் விருந்தினர் நேராக எங்கள் ஃபைல் சர்வர் வரை உலாவி வரலாம்.

2016-இல் மிராய் என்ற நச்சுநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் திரட்டிப் படை அமைத்தது. அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் நிறுவனத்தின் மீது அது பாய்ந்தபோது ட்விட்டரே திணறியது. எங்கள் டிவிஆரும் அந்தப் படையில் சேரத் தகுதியானதுதான். பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். உள்ளிருந்து அது உலகத்தைத் தாக்கக் கிளம்பினாலும் நம்மவர் வழிமறிக்க மாட்டார். வெளியே போகிறவர்களை எங்கே என்று கேட்பது அபசகுனம் அல்லவா?

அதிகமானுக்காகத் தூது போய், போரில் புழங்காமல் பளபளத்த தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்த ஔவை எங்கள் சர்வர் அறைக்கும் வந்திருக்கலாம். பெட்டியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை, அத்தனை பளபளப்பு. மாதந்தோறும் வரும் அறிக்கையும் அப்படியே: தடுக்கப்பட்டவை 0. அதைப் பார்த்து ஆடிட்டர் பூரித்துப்போனார். தாக்க யாருமே வரவில்லை பாருங்கள் என்றார் முதலாளி. உரிமம் காலாவதியானதை நினைவூட்டும் மின்னஞ்சல்கள், வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்குத் தவறாமல் போய்ச் சேருகின்றன.

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நீல கேபிளை மட்டும் யாரும் கழற்றிவிடாதீர்கள். கழற்றினால் ஃபயர்வாலுக்கு வேலை வந்துவிடும்.