இரண்டு வயதுப் பிடிவாதம்

கேள்வி: சாலைக் கடைத்தெருவில் பலூனைக் கண்டால் போதும், என் இரண்டு வயதுப் பேரன் தரையில் புரண்டு அழுகிறான். இவ்வளவு பிடிவாதம் ஆகுமா?
– ஒரு பாட்டி, ஆரியசாலை, திருவனந்தபுரம்

பதில்: பேரனுக்கு ஆக்சிலரேட்டர் தயார், பிரேக்தான் இன்னும் முழுசாகப் பொருத்தப்படவில்லை, பாட்டி!

பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி பிறந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதை அடக்கி ஆளும் நெற்றிப்பக்க மூளை முதிர்வதற்கோ ஏறக்குறைய 25 வயதாகிவிடும். இரண்டு வயதில் மூளையின் அளவு பெரியவர்களுடையதில் சுமார் 80 சதவீதம். ஆனால் இந்த இரு பகுதிகளுக்கும் நடுவிலான இணைப்பு பலப்பட வருஷங்கள் பிடிக்கும்.

அதுவரை பிள்ளைக்குத் துணை நீங்கள்தான். தூக்கி அணைத்து, "பலூன் வாங்கலைன்னு கோபமா, கண்ணா?" என்று கேளுங்கள். உணர்ச்சிக்குப் பெயர் சொன்னால் அமிக்டலாவின் பரபரப்பு தணிவதை 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெரியவர்களிடம் ஸ்கேன் எடுத்துக் கண்டார்கள். குழந்தைக்கும் அந்தச் சொற்கள் மெல்ல மெல்லப் பழகும். அழுகைக்குப் பயந்து பலூனை வாங்கிவிட்டால், அழுதால் கிடைக்கும் என்ற பாடம்தான் பதியும்.

வளர்ச்சியில் சந்தேகமா? உங்கள் ஊர் மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே 1987-இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. 1991-இல் வெளியான 'திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை' அதன் கொடை. முகம் பார்த்துச் சிரிப்பதில் தொடங்கி, இரண்டு வயது வரைக்கும் 17 படிகள். அட்டவணையில் குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். அதற்கு இடப்பக்கம் உள்ளவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்யாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்த 17-இல் அடம் கிடையாது. ஆனால் அழும்போது தலையை மோதிக் காயப்படுத்திக்கொண்டாலோ, மூச்சடங்கி நீலம் பாரித்தாலோ தாமதிக்காமல் காட்டிவிடுங்கள்.