வெப்சைற் டொக்டர்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் பின்னேரத்தில் போனால் ஒரு வெப்சைற் டொக்டராவது கண்ணில் படுவார். பேராதனையில் படித்த பல் வைத்தியர். பகலில் அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரம் சொந்தக் கிளினிக். கைராசிக்காரர். கொடுப்புப் பல்லைப் பிடுங்கி, "முடிஞ்சுது, எழும்புங்கோ" என்று அவர் சொன்ன பிறகுதான் நோயாளி கத்துவதற்கே ஆயத்தமாவார்.

வெப்சைற் ஆசை அவருக்குத் தானாக வருவதில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஊர் நிறைய வெளிநாட்டுச் சனம். சுவிசில் கட்டாய மருத்துவக் காப்புறுதி சாதாரணப் பல் வைத்தியத்துக்குக் காசு கொடாது. ஆகவே கன்னத்தைப் பொத்திக்கொண்டு விமானம் ஏறி, காவடிக்கும் தேருக்கும் நடுவில் இங்கே ரூட் கனால் செய்துகொண்டு போகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர், "டொக்டர், உங்களைக் கூகிளில தேடினன், காணேல்லை" என்பார். அன்றிரவு டொக்டருக்கு நித்திரை இல்லை.

விடிந்ததும் கம்பியூட்டர் தம்பிக்கு ஆள் போகும். தம்பி விவரமானவர். ஒரு பக்கம் போதும் என்பார்: பெயர், மருத்துவ சபைப் பதிவிலக்கம், இடம், திறக்கும் நேரம், தொட்டவுடன் அழைப்புப் போகும் போன் நம்பர். "பல்லுக் குத்திறவன் கையில போன்தான் இருக்கும் டொக்டர், லப்டொப் இராது."

"ஓம் தம்பி, சிம்பிளாத்தான் வேணும்" என்று தலையாட்டிக்கொண்டே டொக்டர் மேசை லாச்சியைத் திறப்பார்.

முதலில் பட்டமளிப்பு அங்கியோடு ஒரு படம் வரும். பிறகு கிளினிக் திறப்பு விழாவில் நாடா வெட்டிய பிரமுகர் வருவார். அடுத்த தேர்தலில் அவர் தோற்றிருப்பார். படத்தில் மட்டும் இன்னும் கத்தரிக்கோலோடு நிற்பார். பிள்ளையார் வருவார், பின்னணிக்கு நாதஸ்வரம் வரும். லண்டன் மச்சான் ஹார்லி வீதிக் கிளினிக் ஒன்றின் லிங்கை வட்ஸ்அப்பில் அனுப்பி, "இப்பிடிச் செய்யுங்கோ" என்பார். உடனே முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் வெள்ளைக்காரி ஒருத்தியும் வந்து சேருவாள்.

"எங்கட சனத்தின்ர சிரிப்பைப் போடேலாதோ டொக்டர்?"

"வெத்திலைக் காவியைப் பாத்தால் ஆர் தம்பி வருவினம்?"

"பக்கம் திறக்க நேரமெடுக்குது. ஒரு படத்தையெண்டாலும் எடுப்பமே?"

"அதைத் தொடாதையும்! அது அம்மாவின்ர ஆசை."

அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "ஆடுது, எடுக்கிறதுதான் நல்லது" என்று ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொல்லும் மனுசன் இவர்தான்.

கடைசியில் வெப்சைற் வரும். திறந்தால் பல் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அது நின்றால் நாதஸ்வரம். அது ஓய்ந்தால் டொக்டரின் வாழ்க்கை வரலாறு. போன் நம்பர் ஆக அடியில், நீலத்தில் நீலமாகக் கிடக்கும். கூகிள் மப்பில் கிளினிக் ஆரியகுளத்துக்கு நடுவில் மிதக்கும். கன்னம் வீங்கிய பருத்தித்துறை ஐயா ஒருவர் விரலால் உருட்டி உருட்டிக் களைத்து, கிளினிக்குக்குப் பக்கத்துப் பாமசிக்குப் போன் எடுத்து, "உந்தப் பல்லு டொக்டர் இண்டைக்கு நிக்கிறாரோ?" என்று கேட்பார்.

டொக்டர்மாரே, தம்பி சொன்ன அந்த ஐந்தும் போதும். மிச்சத்தை நீங்களே பிடுங்கி எறியுங்கள். விறைப்பூசி தேவையில்லை, இரத்தமும் வராது.