வேன் திணை: ஒரு நாள் செலவு பற்றிய ஆய்வு

பழந்தமிழில் ‘செலவு’ என்றால் பயணம். யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் செலவு என்றால் காசு. இரண்டும் ஒன்றே என்பதை, டொல்பின் வேனுக்கு வாடகை பேசிய அன்று கண்டறிந்தோம். பங்கு பிரிக்கும்போது பதினொரு பேர். காசு சேர்க்கும்போது எட்டுப் பேர். இக்கட்டுரை அந்த மூவரைப் பற்றியதல்ல.

ஆய்வுக்களம் நுவரெலியா. ‘குட்டி இங்கிலாந்து’ என்பார்கள். பெரிய இங்கிலாந்துக்கு விசா வேண்டும். இதற்கு ஏ-7 வீதி போதும்.

முதற்பொருளில் பொழுது, விடியக்காலை ஐந்து மணி. இதற்கு உரை காண்பது கடினம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையுமென்று நாள்தோறும் இருட்டோடு எழும்பிப் பழகியவன், ட்ரிப் அன்றைக்கு மட்டும் அசந்து தூங்கிவிடுகிறான். ஆகவே ஐந்து என்றது ஆறரையை என்று கொள்க.

கருப்பொருள் மூன்று: சோத்துப் பார்சல், பாட்டு, ஸ்வெட்டர். பார்சல், வாட்டிய வாழையிலையில் சோறும் பருப்பும் கட்டசம்பலும் அவித்த முட்டையும் வைத்துக் கட்டியது; கினிகத்தேனை ஏற்றத்திலேயே மணக்கத் தொடங்கிவிட்டது. பாட்டு, ஒருவனுடைய போனிலிருந்து வந்தது. ஸ்வெட்டர் ஒன்றே ஒன்று.

வழியில் கித்துல்கல. 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காக இங்கேதான் களனி கங்கையின் மேல் பாலம் கட்டினார்கள். படத்திலேயே அதை வெடிவைத்துத் தகர்த்தும்விட்டார்கள். இல்லாத அந்தப் பாலத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்று படம் பிடித்தோம். தலவாக்கலைப் பக்கம் கண்ணெதிரே கொட்டிக்கொண்டிருந்த சென் கிளையர் அருவியையோ, ஓடுகிற வேனின் சன்னலாலேயே பார்த்து முடித்தோம். இதற்கு இன்னும் விதி எழுதப்படவில்லை.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேலே 1868 மீட்டர். கீழ்நாட்டு உடம்பு இறங்கியவுடனேயே நடுங்கியது. ஸ்வெட்டரை ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்தோம். தன் முறை வந்தவன் முதல் வேலையாகப் படம் எடுத்துக்கொண்டான். அன்றைய படங்களில் எல்லோரும் ஒரே ஸ்வெட்டரில் இருப்பது இதனால்தான். சீருடை என்று சில ஆய்வாளர் கருதுவது பிழை. ஆளுநர் கிரகரி 1873இல் உண்டாக்கிய வாவியில் அன்னப் படகு மிதந்தது. வாடகையை விசாரித்தபின், கரையில் நின்று பார்ப்பதே அழகு என்று ஏகமனதாக முடிவாயிற்று.

இனி உரிப்பொருள். மலைநிலம் குறிஞ்சி, அதற்குரியது புணர்தல். எங்களுக்கோ மலையேறியும் வாய்த்தது முல்லைக்குரிய இருத்தல், அதாவது காத்துக்கொண்டிருத்தல். திணைமயக்கம் என்பது இதுதான். ஏனென்றால் ஒருவனைக் காணவில்லை. எந்த ட்ரிப்பிலும் ஒருவன் காணாமல் போவான். ஆனால் எங்கள் ஆள் பார்சல் பையோடு போயிருந்தான். காலையிலிருந்து பாடியதும் அவன் போன்தான் என்பதால் அதில் சார்ஜ் இல்லை. விக்டோரியா பூங்கா, மார்க்கெட், ரேஸ்கோஸ் குதிரைகளின் பின்புறம் எல்லாம் தேடினோம். மூன்றரை மணிக்கு, 1894இல் கட்டிய அந்தச் செங்கல் தபால் கந்தோரின் மணிக்கூட்டுக்குக் கீழே அகப்பட்டான்.

“எங்கடா போய்த் தொலைஞ்ச?”

“நான் எங்கயும் போகல மச்சான். மணிக்கூட்டுக்குக் கீழ நில்லுன்னு நீதான சொன்ன? நீங்க பத்துப் பேருந்தான் தொலைஞ்சிட்டீங்க.”

தொலைந்தது யார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பையைத் திறந்து எண்ணினோம். பதினொரு பார்சலில் எட்டுத்தான் இருந்தது.

“காசு தராத மூணு பேரோடத மட்டுந்தான்டா சாப்பிட்டேன்” என்றான்.

அந்த மூவரில் ஒருவன் அவன்.