நெஞ்சில் குண்டு, கையில் குழாய்

(இந்த வாரம், போர்க்களத்து நெஞ்சுக் காயங்களைப் பற்றி வந்த கேள்விகள் மட்டும்.)

கே: சினிமாவில் ஹீரோவின் நெஞ்சில் பாய்ந்த குண்டை டாக்டர் இடுக்கியால் எடுத்து, கிண்ணத்தில் ‘டங்’ என்று போட்டதும் பிழைத்துக்கொள்கிறாரே, நிஜத்திலும் அப்படித்தானா?

ப: ‘டங்’ மட்டும் நிஜம். குண்டு செய்யவேண்டிய கெடுதலைப் பாய்ந்த கணத்திலேயே செய்து முடித்துவிடும். அதன்பிறகு அது வெறும் உலோகம். நுரையீரலிலோ தசையிலோ சாதுவாகக் கிடந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தேடப் போனால்தான் சேதம். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டை 1912 அக்டோபரில் மில்வாக்கி நகரில் ஒருவன் மார்பில் சுட்டான். பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூடும், மடித்து வைத்திருந்த 50 பக்கப் பேச்சும் குண்டின் வேகத்தைக் குறைத்தன. மனிதர் இருமிப் பார்த்தார். ரத்தம் வரவில்லை. நுரையீரல் தப்பியது என்று தானே தீர்ப்பெழுதிவிட்டு, மேடையேறி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார். குண்டு 1919-இல் அவர் இறக்கும்வரை உடம்பிலேயே இருந்தது. அரசியல்வாதியின் நீண்ட பேச்சு உயிரை வாங்காமல் காப்பாற்றிய அபூர்வச் சம்பவம்!

கே: குண்டு வில்லன் இல்லையென்றால் யார்தான் வில்லன்?

ப: காற்று. நாம் உயிர்வாழ இழுக்கும் அதே காற்றுதான், தப்பான வாசல் வழியே வந்தால் எமன். நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு; அதனால்தான் நுரையீரல் விரிந்து நிற்கிறது. நெஞ்சில் ஓட்டை விழுந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று அதன் வழியே ‘உஸ்’ என்று புகுந்து நுரையீரலைச் சுருட்டிவிடும். சில காயங்கள் சைக்கிள் டியூப் வால்வு மாதிரி. காற்று உள்ளே போகும், வெளியே வராது. உள்ளே ஏறுகிற அழுத்தம் இதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளி, அதற்குத் திரும்பிவரும் ரத்தத்தை மறிக்கும். அப்புறம் அதிக நேரமில்லை. இதற்கு முதல் வைத்தியம் கத்தியல்ல, ஊசி. இரண்டாவது விலா இடைவெளியிலோ, அக்குளுக்கு முன்பக்கம் ஐந்தாவது இடைவெளியிலோ சுமார் 8 சென்டிமீட்டர் நீளமுள்ள தடித்த ஊசியைச் செலுத்திக் காற்றைத் திறந்துவிடுவார்கள். டாக்டர் வரும்வரை காத்திருப்பதில்லை. களத்திலுள்ள மருத்துவ உதவியாளரே செய்துவிடுவார்.

கே: ஓட்டைதானே பிரச்சினை? அடைத்துவிட்டால் தீர்ந்ததல்லவா?

ப: பாதி சரி. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, மூச்சுத் திணறிய சிப்பாயின் காயத்தை மூடியதும் அவன் நிம்மதியாக மூச்சு விட்டதைக் கண்டு எழுதியிருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-இல், பெஞ்சமின் ஹோவர்ட் என்ற ராணுவ டாக்டர் ஒரு படி மேலே போனார். காயத்தைத் தைத்து, கொலோடியன் பசை பூசி, காற்றே புகாதபடி அடைத்தார். திணறல் நின்றது. பாராட்டும் வந்தது. கொஞ்ச நாளில் உள்ளே அடைபட்ட ரத்தம் சீழாக, பாராட்டு நின்று மரணம் வந்தது, முறையைக் கைவிட்டார்கள். அந்தப் போரில் நெஞ்சு துளைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் பிழைக்கவில்லை.

மீதிப் பாதி பாடம் ஜெர்மனியில் இருந்தது. 1875-இல் ஹாம்பர்க் டாக்டர் பியூலாவ், சீழ் கட்டிய நெஞ்சுக்குள் ஒரு குழாயை விட்டு, அதன் மறுமுனையைத் திரவத்துக்குள் அமிழ்த்தினார். உள்ளே இருப்பது வெளியே வரும். வெளிக்காற்று திரும்பிப் போக முடியாது. நெஞ்சில் துளைபட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் இந்தக் குழாயே போதும். குழாய் போட்டதுமே ஒன்றரை லிட்டர் ரத்தம் கொட்டினாலோ, மணிக்கு 200 மில்லி வீதம் சில மணி நேரம் நிற்காமல் வந்தாலோதான் நெஞ்சைத் திறப்பதைப் பற்றி யோசிப்பார்கள்.

கே: காயம்பட்டவரை ஹெலிகாப்டரில் தூக்கிப் போகும்போது, குழாயின் முனை அமிழ்ந்திருக்கும் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிடாதா?

ப: கவிழும். அதற்காகத்தான் ஹென்றி ஹைம்லிக் என்ற அமெரிக்க டாக்டர் தண்ணீரே வேண்டாத ஒரு ரப்பர் வால்வைக் கண்டுபிடித்தார். வியட்நாம் போரில் அது புழங்கியது. தொண்டையில் வடை சிக்கியவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றை அழுத்துகிறோமே, அந்த வித்தையை 1974-இல் சொன்னவரும் அவரேதான். காற்றுப் போக்குவரத்து அவருடைய இலாகா போலும்.

கே: குண்டை விட்டுவிடலாம் என்கிறீர்கள். இதயத்துக்குள் கிடந்தாலுமா?

ப: அங்கே சட்டம் வேறு. இதயம் ஓயாமல் ஆடுகிற இடம். துண்டு நகர்ந்து ரத்தத்தோடு போய் வேறெங்காவது அடைக்கலாம், கிருமி சேரலாம். 1896-இல் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் கத்திக்குத்துப் பட்ட இதயத்தைத் தைத்துக் காட்டியும், அந்த உறுப்பைத் தொட டாக்டர்கள் நடுங்கினார்கள். நடுங்காதவர், இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் இருந்த டுவைட் ஹார்கன். முதலில் நாய்களிடம் பழகினார். முதல் தொகுதி நாய்கள் அத்தனையும் செத்தன. விடவில்லை. கடைசியில் 134 வீரர்களின் நெஞ்சின் நடுப்பகுதியிலிருந்து குண்டுகளையும் சிதறல்களையும் எடுத்தார். அதில் 13 இதய அறைகளுக்குள்ளேயே இருந்தவை. ஒருவர்கூடச் சாகவில்லை. பெனிசிலினுக்கும், ரத்த தானத்துக்கும், மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு மயக்கம் கொடுத்தவர்களுக்கும் இந்தப் புகழில் பங்குண்டு.

கே: போர்க்களத்துக் கதையால் நமக்கென்ன லாபம்?

ப: போர் முடிந்ததும் அந்தத் துணிச்சல் ஊருக்கு வந்தது. 1948 ஜூனில் பிலடெல்பியாவில் பெய்லி என்ற டாக்டரும், ஆறே நாள் கழித்து பாஸ்டனில் ஹார்கனும், சுருங்கிப்போன இதய வால்வைத் திறந்து காட்டினார்கள். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் ஏராளமாக இருந்த நம் நாட்டுக்கு இது பெரிய சேதி. நெஞ்சு அறுவைக்கென்று இந்தியாவின் முதல் துறையை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியவர் ரீவ் பெட்ஸ். அவரும் உலகப் போரில் முன்னணிக் களத்துக்கருகே நெஞ்சுக் காயங்களைக் கவனித்த அமெரிக்க டாக்டர்தான்.

கே: கண்ணெதிரே ஒருவர் நெஞ்சில் கத்தி செருகி நிற்கிறது. பிடுங்கலாமா?

ப: கூடவே கூடாது. அந்த ஓட்டைக்கு இப்போதைக்குக் கத்திதான் மூடி. அதை அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நினைவிருந்தால் சாய்ந்து உட்காரவிடுங்கள். தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம். செல்போனை எடுப்பது வீடியோவுக்காக இல்லாமல் 108-ஐ அழைப்பதற்காக இருக்கட்டும்.