சுவரில் அணைத்த கை

மாமா வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். வெளியே கிளம்பும்போது வீட்டிலுள்ள சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு, சந்தேகத்துக்கு இன்னொரு முறை விரலால் தடவியும் பார்ப்பார். ஃபோட்டோ பிரிண்டர் வாங்கியபோதும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. படம் முழுசாக வெளியே வந்து விழுமுன்பே சுவரில் 'டக்'.

மூன்று மாதம் கழித்துப் பேத்தியின் பிறந்தநாள் படத்தை அடித்தார். குழந்தை கதகளிக்குப் பச்சை வேஷம் கட்டியவளைப்போல் வந்தாள். மெஜன்டா சொல்லாமல் கொள்ளாமல் லீவில் போயிருந்தது.

ஹெட் கிளீனிங் கொடுத்தார். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் நாசில் வழியாக இங்க்கை உறிஞ்சி, அடியிலுள்ள பஞ்சில் கொட்டிவிடும். வேலை செய்துகொண்டிருந்த மஞ்சளும் நீலமும் குறைந்ததுதான் மிச்சம்.

ரிப்பேருக்கு வந்த பையன் பிரிண்டரைத் தொடவே இல்லை. சுவரைப் பார்த்தான்.

"சார், இதுலதான் ஆஃப் பண்றீங்களா?"

பிரிண்டரின் சொந்த பட்டனை அழுத்தினால், ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் வாயைப் பொத்திக்கொள்ளும். அது போய்ச் சேருமுன் சுவரில் அணைத்தால் வழியிலேயே திறந்த வாயோடு நிற்கும். நாசிலோ தலைமுடியைவிட மெல்லியது. அதில் வரும் சொட்டை அளப்பது பிகோலிட்டரில். அதாவது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஊழல் செய்தியில் மட்டுமே மாமா கேட்டிருந்த தொகை. அவ்வளவு சின்ன வாய் காய எவ்வளவு நேரமாகும்? போதாததற்குத் தலைக்கு மேல் ஃபேன் வேறு.

"மூடி போடாத இங்க் பேனா மாதிரி சார்" என்றான் பையன். ஃபவுன்டன் பேனா காலத்து மனிதரான மாமாவுக்கு அதுதான் உறைத்தது.

இரண்டு முறைக்கு மேல் கிளீனிங் கொடுக்காமல் ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் நாசில் செக் பார்க்கச் சொன்னான். மறுநாள் காகிதத்தில் மெஜன்டா கோடுகள் அங்கங்கே பல் விழுந்த சீப்பாகத் தெரிந்தன. அதற்கடுத்த நாள் வரிசை நிறைந்தது. இனி வாரம் ஒரு கலர் பக்கமாவது அடிக்க வேண்டும் என்பது பையனின் கடைசி உத்தரவு.

சுவர் சுவிட்சின் மேல் அத்தை டேப் ஒட்டிவிட்டாள். ஞாயிறுதோறும் மளிகைச் சீட்டு நாலு நிறத்தில் அச்சாகிறது: உளுந்து கறுப்பில், மஞ்சள்தூள் மஞ்சளில், பீட்ரூட் மெஜன்டாவில். நீலத்துக்குத்தான் மளிகையில் ஒன்றும் அகப்படவில்லை. பரணில் இப்போது பதினோரு பாட்டில் சொட்டு நீலம் இருக்கிறது.