ஓசிப் பேச்சு

ஏல பேராண்டி, மொட்டமாடித் தண்ணித்தொட்டி மேல ஏறி நின்னு "கேக்குதா, கேக்குதா"ன்னு யாருகிட்டல கத்துத? ஆபீஸ் மீட்டிங்கா? ஆடு காணாமப் போச்சோன்னு நெனச்சேன்.

நெட்டுல பேசுனா ஓசிதான். எவன் இல்லன்னான்? ஆனா அந்த ஓசியில நீங்க பேசுதது என்ன? திண்ணையில இருந்து நானும் கேக்கத்தான செய்யுதேன். இடுப்புக்கு மேல இஸ்திரிச் சட்டை, கீழ சாரம். முதக் கால் மணி நேரம் "நான் பேசுறது கேக்குதா?" அடுத்த கால் மணி நேரம் "சார், மியூட்ல இருக்கீங்க." கடைசியில "அத மெயில்ல போட்டுருங்க." அந்த மெயில மொதல்லயே போட்டா கை வலிக்குமால?

நாங்க எஸ்.டி.டி. பூத்துல ராத்திரி கட்டணம் கொறையுத வரைக்கும் வரிசையில நின்ன ஆளுங்க. கண்ணு முன்னால மீட்டர் ஓடும். வெட்டிப்பேச்சு வருமா? "அம்மைக்குச் சொகம். மழை இல்ல. பணம் அனுப்பு." முடிஞ்சுது சோலி.

2003-ல ஸ்கைப்பு வந்துச்சு. ஆகா ஓகோன்னான். 2025 மே மாசம் அதுக்குப் பூட்டுப் போட்டுட்டான். இப்பம் எல்லாத்துக்கும் வாட்ஸாப்பு.

இந்த நெட்டுப் பேச்சு வேல செய்யுத விதத்த இன்ஜினியருக்குப் படிக்குத பேத்தி சொன்னா. உன் கொரல செகண்டுல அம்பதுல ஒரு பங்கா நறுக்கி, துண்டுக்குத் துண்டு விலாசம் ஒட்டி அனுப்புதாம். அதுங்க கல்யாணத்துக்கு வாற சொந்தக்காரங்க கணக்கா. ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும், ஒண்ணு வராமலே போயிரும். போய்ச் சேர 150 மில்லிசெகண்டு தாண்டுனா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாயத் தொறப்பீங்க. பெறகு ரெண்டு பேரும் "நீங்க சொல்லுங்க." நல்ல மரியாதைதான், போ.

பேச்சு வெட்டி வெட்டி வந்தா நெட்டுக் கம்பெனியக் குத்தம் சொல்லாத. ரவுட்டர எங்க வச்சிருக்க? வீட்டு அழகு கெட்டுருமாம், இரும்பு பீரோவுக்குப் பின்னால! அத வெளிய எடுத்து வையி. இல்ல, ஒரு ஒயர வாங்கி கம்ப்யூட்டர்ல நேரா மாட்டு. ஆயிரக்கணக்குல ஹெட்போன் வாங்குதவனுக்கு ஒரு மொழம் ஒயரு கேவலமா?

சரி, கரண்டு போனா என்ன செய்வ? பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சுலயே பேட்டரி உண்டு. 48 வோல்ட்டு அதே கம்பியில வந்துரும். ஊரே இருட்டுல கெடந்தாலும் மணி அடிக்கும். உன் ரவுட்டரு கரண்டு போன நிமிசமே கண்ண மூடிரும். அதுக்கு ஒரு சின்ன பேட்டரி வாங்கத் தோணுச்சா ஒனக்கு?

இன்னொண்ணு கேட்டுக்க. அவசரத்துக்கு வாட்ஸாப்புல 112 போகாது. அவனே எழுதி வச்சிருக்கான், நீதான் படிக்கல. அதனால சாதா போன் ஒண்ணு எப்பமும் சார்ஜோட கெடக்கட்டும். அதுல 112 அமுக்க உன் ஆச்சிக்கு இன்னைக்கே சொல்லிக் குடு.